நிலக்கரி மலைகளில் மண்ணையும் அமைதியையும் காக்கும் ஊர்மக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கிழக்கே நீண்டு கிடக்கும் அப்பலாச்சிய மலைத்தொடரின் நடுப்பகுதியில், அதாவது மேற்கு வர்ஜீனியாவிலும் கென்டக்கியின் கிழக்கிலும் வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையிலும், நூறாண்டுகளுக்கும் மேலாக நிலக்கரி வெட்டப்பட்டு வருகிறது. அங்கே மலையையும் ஓடையையும் காக்க ஊர்மக்கள் நடத்திவரும் போராட்டத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு ஐயங்கள் எழுகின்றன. சுரங்க வேலையை நம்பிப் பிழைக்கும் ஊரில் சுரங்கத்தை எதிர்க்க முடியுமா என்பது ஒன்று. துப்பாக்கிச் சண்டைக்குப் பேர்போன அந்த ஊர்களில் அறவழி எப்படி நிலைத்தது என்பது மற்றொன்று. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் சுற்றியே அமைந்துள்ளன.

மலையுச்சி அகற்றல் என்றால் என்ன? வழக்கமான சுரங்கத்திலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

வழக்கமான சுரங்கத்தில் மலை நின்ற இடத்திலேயே நிற்கிறது. மனிதர்கள் அதன் வயிற்றுக்குள் இறங்கிக் கரியை வெட்டி வெளியே கொண்டு வருகிறார்கள். மலையுச்சி அகற்றலில் மலையே எடுக்கப்படுகிறது. முதலில் காட்டை அழிக்கிறார்கள். பிறகு பாறையில் வரிசையாகத் துளையிட்டு, அம்மோனியம் நைட்ரேட்டும் டீசலும் கலந்த வெடிமருந்தை நிரப்பித் தகர்க்கிறார்கள். சில அடி கனமே உள்ள கரி அடுக்குகளை எட்டுவதற்காகப் பல நூறு அடி உயரமுள்ள மலைமுடி பொடியாக்கப்படுகிறது. அந்தப் பாறையும் மண்ணும் பக்கத்துப் பள்ளத்தாக்கில் கொட்டப்படும்போது, அங்கே ஊற்றெடுத்து ஓடிக்கொண்டிருந்த ஓடை அப்படியே புதைந்து போகிறது. இவ்வாறு ஐந்நூறுக்கும் மேற்பட்ட மலைகள் சிதைக்கப்பட்டதாகவும், ஆறுகளுக்குத் தொடக்கமான தலையோடைகள் சுமார் 2,000 மைல் நீளத்துக்கு மண்ணுக்கடியில் போனதாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது.

இந்த முறை பரவியதற்கான காரணம் எளியது. சுரங்கத்துக்குள் பல பேர் செய்த வேலையை, இங்கே ஒரு பெரிய வாரி இயந்திரமும் சில ஓட்டுநர்களும் வெடி வைப்பவர்களும் செய்து முடித்துவிடலாம். மலையை எதிர்ப்பாளர்கள் காக்கப் போனதால்தான் வேலை போயிற்று என்று ஊரில் சொல்லப்படுவதுண்டு. ஆனால் வேலைகளில் மிகப் பெரும்பகுதியை இயந்திரம் முன்னதாகவே விழுங்கிவிட்டது என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

கரியைக் கழுவிய கழிவு நீர் எங்கே போகிறது?

பள்ளத்தாக்கின் வாயை அடைத்துக் கட்டிய அணைகளுக்குப் பின்னால் அது கருங்குழம்பாகத் தேங்கி நிற்கிறது. அணைக்குக் கீழே வீடுகள் இருக்கும். 1972 பிப்ரவரி 26 காலையில், மேற்கு வர்ஜீனியாவின் லோகன் மாவட்டத்தில் உள்ள பஃபலோ க்ரீக் பள்ளத்தாக்கில் இத்தகைய அணை ஒன்று உடைந்து, சுமார் 13 கோடி காலன் கழிவு நீர் அடுத்தடுத்த சிற்றூர்களை அடித்துக்கொண்டு போனது. 125 பேர் இறந்தார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். சுரங்க நிறுவனம் அதை 'கடவுளின் செயல்' என்றது. அந்தப் பள்ளத்தாக்கின் மக்கள் கடவுளை நன்றாக அறிந்தவர்கள். குப்பையைக் குவித்து அணை கட்டியவர் யார் என்பதையும் அறிந்தவர்கள். பிழைத்தவர்களில் பலர் சேர்ந்து தொடுத்த வழக்கு 1974இல் 1.35 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. 2000 அக்டோபரில் கென்டக்கியின் மார்ட்டின் மாவட்டத்தில் உடைப்பெடுத்த மற்றொரு தேக்கத்திலிருந்து 30 கோடி காலனுக்கும் மேலான குழம்பு ஆற்றில் கலந்தது. அங்கே உயிரிழப்பு இல்லை; ஆனால் ஓடையில் மீனும் எஞ்சவில்லை.

எதிர்ப்பு எப்போது, யாரால் தொடங்கியது?

வெளியூர் ஆர்வலர்கள் தொடங்கி வைத்தார்கள் என்ற பேச்சு தவறானது. கென்டக்கியில் முதலில் எழுந்தவர்கள் சிறு விவசாயிகளும் கைம்பெண்களும் கிராமத்துப் போதகர்களும்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, எழுதப் படிக்கத் தெரியாத பல குடும்பங்களிடம் மிகச் சொற்பத் தொகை கொடுத்து, நிலத்தடிக் கனிமத்தை எடுக்கும் உரிமையை நிறுவனங்களின் முகவர்கள் எழுதி வாங்கியிருந்தார்கள். பாட்டன் கைநாட்டு வைத்த அந்தப் பத்திரத்தைக் காட்டி, பேரன் காலத்தில் புல்டோசர் வந்தது. மேலே வீடும் தோட்டமும் இருந்தாலும் அவற்றைப் பெயர்த்துவிட்டுக் கரியை எடுக்கலாம் என்று நீதிமன்றங்களும் இடமளித்தன.

1965 நவம்பரில் நாட் மாவட்டத்தைச் சேர்ந்த ஆலி கோம்ப்ஸ் என்னும் 61 வயதுக் கைம்பெண், தன் வீட்டுக்கு மேலே உள்ள சரிவில் புல்டோசருக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டார். ஷெரிஃபின் ஆட்கள் அவருடைய கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு மலையிறங்கும் காட்சி படமெடுக்கப்பட்டுச் செய்தித்தாளில் வெளியானது. படமெடுத்தவரும் கைது செய்யப்பட்டார். நன்றி தெரிவிக்கும் திருநாளன்று ஆலி கோம்ப்ஸ் சாப்பிட்டது சிறைச் சோறு. அவர் கையில் கொடியோ முழக்க அட்டையோ இல்லை. தன் எடை முழுவதையும் மண்ணின்மேல் வைத்துப் படுத்த அந்த ஒரு செயலுக்கு மாநில ஆளுநரே பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தப் பழைய பத்திரங்களின் பிடி ஒரேயடியாகத் தளர்ந்துவிடவில்லை. 1981இல் தொடங்கப்பட்டுப் பின்னர் 'கென்டக்கியன்ஸ் ஃபார் த காமன்வெல்த்' என்று பெயர் பெற்ற மக்கள் அமைப்பு ஊர் ஊராகப் போய்ப் பேசியது. 1988இல் அந்தப் பத்திரங்களின் பிடியைத் தளர்த்தும் மாநில அரசியலமைப்புத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தபோது நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் அதை ஆதரித்தார்கள். ஆலி கோம்ப்ஸ் படுத்த நாளிலிருந்து அதற்கு 23 ஆண்டுகள் ஆயின.

சுற்றுச்சூழல் போராட்டத்தில் 'அமைதி' என்ற சொல் ஏன் இவ்வளவு அடிக்கடி வருகிறது?

அந்த மலைகளின் வரலாறு அப்படிப்பட்டது. 1921 ஆகஸ்டு இறுதியில், தொழிற்சங்கம் அமைக்கும் உரிமைக்காகச் சுமார் பத்தாயிரம் சுரங்கத் தொழிலாளர்கள் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, ஆயுதங்களோடு லோகன் மாவட்டத்தை நோக்கி நடந்தார்கள். பிளேர் மலையில் ஷெரிஃபின் படை அவர்களை எதிர்த்தது. வாடகை விமானங்களிலிருந்து நாட்டு வெடிகுண்டுகள் போடப்பட்டன. கூட்டாட்சிப் படை வந்தபின் தொழிலாளர்கள் கலைந்தார்கள். அவர்களில் பலர் முதல் உலகப் போரில் அதே படையில் பணியாற்றியவர்கள். தங்கள் படையின்மேல் சுட அவர்களுக்கு மனம் வரவில்லை. அதன்பின் தொழிற்சங்கம் அங்கே தலைதூக்கப் பத்தாண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. துப்பாக்கி எடுத்தால் அரசின் துப்பாக்கி பெரிதாக இருக்கும் என்பது அந்த மலைமக்கள் கொடுத்து வாங்கிய பாடம்.

1989இல் நிலைமை வேறுவிதமாக அமைந்தது. ஓய்வு பெற்றோர், கைம்பெண்கள், ஊனமுற்றோர் என்று சுமார் 1,500 பேருடைய மருத்துவச் செலவைப் பிட்ஸ்டன் என்னும் நிலக்கரி நிறுவனம் நிறுத்தியதை எதிர்த்து, வர்ஜீனியாவின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சங்கமே முன்னின்று சாலையில் உட்கார்ந்து மறிக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தது. 39 பெண்கள் நிறுவன அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். செப்டம்பரில் 98 தொழிலாளர்களும் ஒரு போதகரும் நிறுவனத்தின் பெரிய கரி கழுவும் ஆலைக்குள் வெறுங்கையோடு நுழைந்து நான்கு நாள் அங்கேயே இருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். லாரிச் சக்கரத்தைக் கிழிக்க ஆணிகளை வளைத்துச் சாலையில் எறிந்தவர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. அந்தச் செயல்களும் சேர்ந்தே சங்கத்தின்மீது பல கோடி டாலர் அபராதத்தைக் கொண்டுவந்தன. 1990 பிப்ரவரியில் ஒப்பந்தம் ஏற்பட்டு, மருத்துவ வசதி திரும்பக் கிடைத்தது.

பின்னாளில் மலைகளுக்காகப் போராடியவர்கள் இந்த இரண்டு நினைவுகளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். 2005 கோடையில் தொடங்கிய 'மவுண்டன் ஜஸ்டிஸ்' இயக்கம், யாரையும் தாக்குவதில்லை, எந்த இயந்திரத்தையும் உடைப்பதில்லை என்பதைச் சேர்வோருக்கான நிபந்தனையாகவே வைத்தது. 2011 ஜூனில், பிளேர் மலையையே வெடி வைத்துத் தகர்க்கும் திட்டத்துக்கு எதிராக, 1921இல் தொழிலாளர்கள் சென்ற தடத்தில் சுமார் 50 மைல் தூரம் நடந்தார்கள். இம்முறை கழுத்தில் அதே சிவப்புத் துணி இருந்தது. கையில் எதுவும் இல்லை.

சுரங்கத் தொழிலாளர்களை இந்த இயக்கம் எதிரிகளாகப் பார்க்கிறதா?

இந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். மற்றக் கேள்விகள் எல்லாம் இறுதியில் இங்கேதான் வந்து நிற்கின்றன.

மேற்கு வர்ஜீனியாவின் மார்ஃபோர்க் என்னும் மலையிடுக்கில் பிறந்த ஜூடி பாண்ட்ஸ் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் உழைத்த குடும்பத்துப் பெண். அவருடைய தந்தை கரித்தூசி நுரையீரலில் படிந்து உண்டாகும் கருநுரையீரல் நோயால் இறந்தவர். உணவகத்தில் பரிமாறும் வேலை செய்துவந்த ஜூடி, ஒருநாள் தன் சிறு பேரன் வீட்டருகே ஓடையில் இறங்கி நின்று, இரண்டு கையிலும் செத்த மீன்களை அள்ளி வைத்துக்கொண்டு, இந்த மீன்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டதைப் பார்த்தார். ஓடை முழுக்கச் செத்த மீன்கள் மிதந்துகொண்டிருந்தன. தானும் தன் அம்மாவும் பாட்டியும் விளையாடிய ஓடை அது. அந்த மலையிடுக்கை விட்டுக் கடைசியாக வெளியேறிய குடும்பம் அவருடையது. 1998இல் தொடங்கப்பட்ட 'கோல் ரிவர் மவுண்டன் வாட்ச்' அமைப்பில் சேர்ந்து அதன் முகமானார். 2003இல் சுற்றுச்சூழலுக்கான கோல்டுமேன் விருது பெற்றார். 2011 ஜனவரியில் புற்றுநோயால் காலமானார். இப்படிப்பட்ட ஒருவருக்குத் தொழிலாளியை எதிரியாக நினைக்க வராது. அவருடைய சொந்தக்காரர்களே அவர்கள்தான்.

ஆனால் எதிர்ப்பக்கம் அப்படி நினைத்தது உண்டு. 2009 ஜூன் 23 அன்று மார்ஷ் ஃபோர்க் தொடக்கப் பள்ளியருகே நடந்த ஆர்ப்பாட்டத்தில், சுரங்க நிறுவனத்தை ஆதரித்து வந்த கூட்டத்திலிருந்து ஒரு பெண் பாய்ந்து ஜூடி பாண்ட்ஸை அறைந்தார். பதிலுக்கு யாரும் கை ஓங்கவில்லை. அன்று கைதானவர்களில் 94 வயதான முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் கென் ஹெக்லரும் இருந்தார். மேற்பரப்புச் சுரங்கத்தை அடியோடு தடை செய்யும் மசோதாவை 1971இலேயே கொண்டுவந்தவர் அவர். தொழிலாளர்களின் கருநுரையீரல் நோய்க்கு இழப்பீடும் பாதுகாப்பும் வழங்கிய 1969ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக முன்னின்று உழைத்தவரும் அவரே. தொழிலாளியின் நுரையீரலுக்காகப் பேசியவரும் மலைக்காகப் பேசியவரும் ஒரே மனிதர்தான். நுரையீரலைத் தின்ற தூசியும் ஓடையைப் புதைத்த மண்ணும் நிறுவனங்கள் ஒரே கணக்கேட்டில் செலவை மிச்சம் பிடித்ததால் வந்தவை என்பது என் உறுதியான எண்ணம்.

இருந்தும் ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். மாதத் தவணை கட்ட வேண்டிய வீட்டில், வேறு வேலை எதுவும் இல்லாத பள்ளத்தாக்கில், 'மலை முக்கியம்' என்ற சொல் 'உன் குழந்தையின் சோறு முக்கியமில்லை' என்றே கேட்கும். மாற்று வேலைக்கான பேச்சை முதல் நாளிலிருந்தே எடுக்காத கூட்டங்கள் தொழிலாளர்களை இழந்தன. ஒரே தேவாலயத்தில் ஒரே இருக்கையில் உட்கார்ந்தவர்கள் பேசாமல் போனார்கள்.

போராடியவர்களுக்கு மிரட்டல் வந்ததா?

வந்தது. மேற்கு வர்ஜீனியாவின் கேஃபோர்டு மலையில் தன் குடும்பத்துக்கு எஞ்சியிருந்த சுமார் 50 ஏக்கரை விற்க மறுத்த லாரி கிப்சனின் குடிசைமீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மலைத்தொடரே தரைமட்டமாகிக் கொண்டிருக்க, நடுவில் பச்சைத் தீவுபோல நின்ற அந்த இடத்துக்கு 2012இல் தான் இறக்கும்வரை அவர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று விளிம்பில் நிறுத்திக் காட்டினார். பூன் மாவட்டத்தைச் சேர்ந்த, 2009இல் கோல்டுமேன் விருது பெற்ற மரியா கன்னோவும் தன் வீட்டைச் சுற்றி வேலியும் காவலும் வைக்க வேண்டியதாயிற்று. மிரட்டலை மிரட்டலால் எதிர்கொள்ளாமல் தேதியிட்டு எழுதி வைப்பது, தனியே போகாமல் இருப்பது, கேமராவைக் கையில் வைத்திருப்பது ஆகியவைதான் அவர்களுடைய தற்காப்பு.

பணமும் பதவியும் இல்லாத ஊர்மக்களால் உண்மையில் என்ன செய்ய முடியும்?

சான்று சேர்க்க முடியும். சில்வெஸ்டர் என்னும் சிற்றூரில் கரி பதப்படுத்தும் ஆலையிலிருந்து வந்த தூசி வீடுகளின்மேல் படிந்தபோது, வயது முதிர்ந்த இரண்டு பெண்கள் குறித்த நாட்களில் வீடு வீடாகப் போய், வெளிச்சுவரையும் சன்னலையும் துணியால் துடைத்து, கறுத்த துணியை நெகிழிப் பையில் போட்டு, பையின்மேல் தேதியும் இடமும் எழுதி வைத்தார்கள். பைகள் சேர்ந்துகொண்டே போயின. புகார் மனுக்களைத் தள்ளிவிட்டவர்களால் அந்தப் பைகளைத் தள்ள முடியவில்லை. வழக்கில் ஊர் வென்றது. கரிக்குவியலை மூட நிறுவனம் ஒரு பெரும் கூடாரக் கவிகையை அமைக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு வகைச் சான்று நில ஆவணங்கள். 1979 முதல் 1981 வரை, ஊர்மக்களும் ஆசிரியர்களும் சேர்ந்து ஆறு மாநிலங்களின் 80 மாவட்டங்களில் பதிவேடுகளைப் புரட்டி, நிலம் யார் பெயரில் இருக்கிறது, அவர்கள் எவ்வளவு வரி கட்டுகிறார்கள் என்று பார்த்தார்கள். ஆய்வு செய்த நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கும், கனிம உரிமையில் ஐந்தில் நான்கு பங்கும் அந்த ஊர்களில் வசிக்காதவர்களிடம் இருந்தன. கரிக்குமேல் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடப் பணம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு அந்தப் பதிவேடுகளில் விடை கிடைத்தது.

சட்டமும் சில வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. 1977 ஆகஸ்டு 3 அன்று கையெழுத்தான மேற்பரப்புச் சுரங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, விதிமீறலை ஒருவர் எழுத்தில் தெரிவித்து அதன் பேரில் ஆய்வு நடந்தால், புகார் கொடுத்தவர் ஆய்வாளருடன் உள்ளே சென்று பார்க்கலாம். உரிமம் வழங்குமுன் ஆட்சேபணை தெரிவிக்கலாம். தூய நீர்ச் சட்டத்தின்கீழ் 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுக் குடிமக்களே வழக்குத் தொடுக்கலாம். ஓடை நீரில் கரைந்துள்ள உப்புகளைக் காட்டிக்கொடுக்கும் மின்கடத்துதிறனை அளக்கும் சிறு கருவியோடு வாரந்தோறும் ஒரே இடத்துக்குப் போய் அளந்து குறித்து வைத்தவர்களின் ஏடுகள், இத்தகைய வழக்குகளுக்கு நல்ல அடிப்படையாகியுள்ளன.

மறியலில் உட்காரப் போகிறவர்கள் எப்படித் தயாராக வேண்டும்?

அறவழிப் பயிற்சியில் பாதி நாடகம்போல நடக்கும். ஒருவர் கோபம் கொண்ட தொழிலாளியாக நடிப்பார். மற்றவர் குரலை உயர்த்தாமல், பின்வாங்கி ஓடாமல் பதில் சொல்லிப் பழகுவார். கைதாவோர் யார், ஆகாமல் வெளியே நின்று வழக்கறிஞரை அழைப்போர் யார் என்று முன்பே முடிவு செய்வார்கள். வெடி வைக்கும் இடத்திலும் இயந்திரம் ஓடும் இடத்திலும் நுழைவது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், எங்கே உட்காரக் கூடாது என்பதையும் கற்றுக்கொடுப்பார்கள்.

இதுவரை எதையாவது வென்றிருக்கிறார்களா?

வென்றிருக்கிறார்கள், சில வெற்றிகள் பறிபோயும் இருக்கின்றன. மார்ஷ் ஃபோர்க் தொடக்கப் பள்ளிக்கு மேலே சுமார் 400 கெஜ தூரத்தில் 280 கோடி காலன் கழிவுக் குழம்புக்கு அனுமதி பெற்ற தேக்கமும், பக்கத்திலேயே கரிக் கிடங்குக் கோபுரமும் நின்றன. பேத்தி அடிக்கடி நோயுற்று வீடு திரும்பியதைக் கண்ட எட் வைலி, தானே முன்பு சுரங்கத்தில் வேலை செய்தவர், 2006இல் வாஷிங்டன்வரை 455 மைல் நடந்தார். பல ஆண்டு வற்புறுத்தலுக்குப் பின் வேறிடத்தில் புதிய பள்ளி கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. லோகன் மாவட்டத்தின் ஸ்ப்ரூஸ் சுரங்கத் திட்டத்துக்கு எதிராக 1998இல் தொடங்கிய வழக்குகளின் நீண்ட பாதையில், 2011 ஜனவரியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதன் ஓடை நிரப்பும் அனுமதியை ரத்து செய்தது. பிளேர் மலை 2009இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டு, அதே ஆண்டில் நீக்கப்பட்டு, 2018இல் மீண்டும் சேர்க்கப்பட்டது.

மறுபுறம், 2016 இறுதியில் வெளியான ஓடைப் பாதுகாப்பு விதி 2017 பிப்ரவரியில் நீக்கப்பட்டது. மலையுச்சி அகற்றலால் அருகில் வாழ்வோரின் உடல்நலத்துக்கு என்ன ஆகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த தேசிய அறிவியல் கழகங்களின் ஆய்வும் அதே ஆண்டு ஆகஸ்டில் பாதியில் நிறுத்தப்பட்டது. ஓர் ஆய்வின் முடிவு பிடிக்காமல் போகலாம். ஆய்வையே நிறுத்தியதை அந்த ஊர்த் தாய்மார்கள் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்க வேண்டியதும் இல்லை.

நிலக்கரித் தொழில் சுருங்கிவிட்டதே, இனிப் போராட என்ன இருக்கிறது?

தொழில் சுருங்கும்போது கடனும் காயமும் ஊரில் தங்கிவிடுகின்றன. 2019 ஜூலையில் பிளாக்ஜுவல் நிறுவனம் திவாலானபோது தொழிலாளர்களின் சம்பளக் காசோலைகள் திரும்பி வந்தன. கென்டக்கியின் ஹார்லன் மாவட்டத்தில் அவர்கள் கரி ஏற்றிய ரயிலின் முன்னால் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். 'சம்பளம் இல்லையேல் இங்கேயே இருப்போம்' என்றார்கள். மறியல் சுமார் இரண்டு மாதம் நீடித்தது. சமைத்துக் கொடுத்தவர்களில் பல வகையினர் இருந்தார்கள். சுரங்கத்தை எதிர்த்தவர்களும் வந்தார்கள்.

கைவிடப்பட்ட சுரங்கங்களைச் சீரமைக்க நிறுவனங்கள் கட்டிய பிணைத்தொகை பல இடங்களில் போதாது. கரி அடுக்குகள் மெலிந்ததால் தொழிலாளர்கள் அதிகப் பாறையை வெட்ட வேண்டியிருக்கிறது. அதனால் சிலிக்கா தூசியை மூச்சில் இழுத்து, நாற்பது வயதிலேயே கடுமையான நுரையீரல் நோய்க்கு ஆளாகிறார்கள். தொழிலாளியும் ஓடைக்கரைவாசியும் ஒரே மேசையில் உட்கார இதைவிட உறுதியான காரணம் வேண்டாம்.

வெளியூரிலிருந்து உதவ விரும்புவோர் எங்கே தொடங்கலாம்?

ஊர்மக்கள் அழைத்த பிறகு போக வேண்டும். அவர்கள் சொல்லும் வேலையைச் செய்ய வேண்டும். பெரும்பாலும் அது படமெடுக்கும் வேலையாக இருக்காது. தண்ணீர்க் குடம் தூக்குவதும், பதிவேடு படியெடுப்பதும், வயதானவர்களை மருத்துவரிடம் அழைத்துப் போவதுமாக இருக்கும். கைதானால் நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள். உங்களை வீட்டில் தங்க வைத்தவர் மறுநாளும் அதே கடையில் அதே முகங்களைப் பார்க்க வேண்டும். எனவே என்ன செய்தால் யாருக்குத் தொல்லை வரும் என்பதை அவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மலையே போன இடத்தில் கல்லறைகள் என்ன ஆகின்றன?

குடும்பக் கல்லறைகள் பெரும்பாலும் மலைமுகட்டில்தான் இருக்கும். தனியார் நிலத்தில் உள்ள கல்லறைக்கு உறவினர்கள் சென்றுவர மேற்கு வர்ஜீனியாவின் சட்டம் உரிமை தருகிறது. சுற்றிலும் சுரங்கம் நடக்கும் இடங்களில் சில குடும்பங்கள் முன்கூட்டியே தெரிவித்து, தலைக்கவசம் அணிந்து, நிறுவனத்தின் ஆட்கள் துணையோடு மேலே போகிறார்கள். லாரி கிப்சனின் உறவினர்கள் அடக்கமாகியுள்ள கேஃபோர்டு மலைக் கல்லறைக்கு இன்றும் ஆட்கள் போய்வருகிறார்கள். அங்கிருந்து சில அடி நடந்தால் மலை முடிந்து, கீழே வெட்டிய நிலம் தெரியும்.